தவசியண்ணன் கட்டிய கண்ணாடி

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொன்னவர் வேறு ஆள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். பாவம் ஏதாவது இருந்தால் அது அவர் தலையிலேயே விடியட்டும்.

என் பெயர் ரஞ்சிதம். விருதுநகரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கீழே இருந்த கடையை மாடிக்கு மாற்ற வேண்டி வந்தது. நாற்காலி ஏறியது, அலமாரி ஏறியது, என் நிலைக்கண்ணாடி மட்டும் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு திரும்பவே மாட்டேன் என்றது. ஆளைவிட உயரம், தேக்குச் சட்டம், முதுகில் பலகை அடித்தது. இந்த ஊர்க் கல்யாணப் பெண்களில் பாதிப் பேர் அதில்தான் தங்களைப் பார்த்துவிட்டு மணவறைக்குப் போயிருக்கிறார்கள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு படம் எடுத்து, போனில் விற்பனைக்குப் போட்டேன். ஓசூரில் நடனம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் பிடித்துவிட்டார்.

"விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைங்களைச் சேர்க்கிறேன், அதுக்குள்ள வந்துடணும். ஒரு கீறல் இருந்தாலும் வந்த லாரியிலேயே திருப்பி விட்ருவேன்" என்றார் டீச்சர்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஓசூர் போய்ச் சேர்றப்ப அது கண்ணாடியா இருக்காது. அள்ளிக் கோலம் போடலாம்" என்றார். கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தைப் பற்றி இன்னும் விசேஷ வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷர் அவர். கண்ணாடி உடைந்தால் ரசத்தை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்வார், நான் கண்ணை மூடுகிறவரை விடமாட்டார். கண்ணாடியைவிட எனக்கு அதுதான் பயம்.

குட்டியானை வண்டியில் பழைய போர்வையெல்லாம் விரித்து, நானே பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்சல் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அங்கே புக்கிங் பார்க்கிற பாக்கியநாதன் கண்ணாடியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னைக்கு ஏத்துனா உண்டுக்கா. நாளைக்கு ஆயுத பூஜை. லாரியெல்லாம் கழுவிப் பொட்டு வச்சு நிப்பாட்டிருவோம். லோடு ஏறி முடியிறதுக்குள்ள கட்டிக் குடுத்துருங்க" என்றார்.

"யாரு கட்டுவா?"

"தவசியண்ணன் இருக்காரு. கை நல்ல கை. வாயத்தான் கட்ட முடியாது."

கழுத்தில் சணல் கயிறு, இடுப்பில் சாக்கு ஊசி, வாயில் வெற்றிலை. அதுதான் தவசியண்ணன். வந்ததும் வராததுமாக என் கண்ணாடியைத் திருப்பி, முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி சாத்திவைத்தார்.

"ஏண்ணே திருப்புறீக?"

"மூஞ்சியக் காட்டிக்கிட்டு நின்னா எனக்கு வேல ஓடாது தாயி. என்னையவே பாத்துக்கிட்டு நின்னுருவேன்."

அந்தச் சுவர் முழுக்க ஏதேதோ சாத்திக் கிடந்தது. ஆயுத பூஜைக்காக ஆபீசுக்கே வெள்ளையடித்து, செல்லரித்த பழைய கதவைக் கழற்றிப்போட்டு, மாட்டுவதற்குப் புதுக்கதவு வந்திருந்தது. அதுவும், ஏணியும், உடைந்த பெஞ்சும் வரிசையாக நின்றன. தவசியண்ணன் வைக்கோல், சாக்கு, அட்டை, குமிழி வைத்த பிளாஸ்டிக் தாள், சட்டம் அடிக்க ஒல்லியான ரீப்பர் கட்டை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் நமநமவென்று இருந்தது.

"இதுக்கு முன்னாடி கண்ணாடி கட்டியிருக்கீகளாண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

பாக்கியநாதன் பேனாவை மூடி வைத்தார். மிளகாய் வத்தல் மூட்டை சுமந்துகொண்டிருந்த லோடுமேன் மொக்கையன் மூட்டையை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"கண்ணாடி கெடக்கட்டும் தாயி" என்று ஆரம்பித்தார் தவசியண்ணன். எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை மட்டும் முதுகுக்குப் பின்னால் வேலையைத் தொடங்கியது. "சாத்தூர்ல ஒரு வீட்ல ஊறுகா ஜாடி ஒண்ண வித்தாக. பீங்கான் ஜாடி. ஜாடின்னா நீ நெனைக்கிற ஜாடி இல்ல. ஊறுகா எடுக்கணும்னா ஏணி வச்சு உள்ள எறங்கணும். திருநெல்வேலியில ஒருத்தரு வாங்கிட்டாரு. ஊறுகாயோட சேத்துத்தான் பேச்சு."

"காலி பண்ணிட்டுத்தான்யா அனுப்புவாக" என்றார் பாக்கியநாதன்.

"அந்த வீட்டு மருமக கையால போட்ட எலுமிச்சங்கா. காலி பண்ணுனா வாங்குறவரு சும்மா விடுவாரா? அப்படியே கட்டுனேன். கோவில்பட்டி தாண்டுன ஒடனே லாரி குட்டிக்கரணம் போட்டுருச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல. டிரைவரு எண்ண ஆரம்பிச்சவரு பாதியில தூங்கிட்டாரு. எந்திரிச்சுப் பாத்தா லாரி அக்கு வேற ஆணி வேற. ஜாடியக் காணோம்."

"உடைஞ்சு போச்சாண்ணே?" எனக்கு நிஜமாகவே பதறியது.

"ஒடையவா? அது பாட்டுக்கு உருண்டுகிட்டே திருநெல்வேலிக்குப் போயி, வாங்குனவரு வாசப்படியில முட்டி நின்னுருச்சு. பிரிச்சுப் பாத்தா ஒரு கீறல் இல்ல. உள்ள ஊறுகா நல்லாக் குலுங்கி, உப்பும் ஒறப்பும் ஒண்ணாச் சேந்து, அப்படி ஒரு ருசியாம். இப்பெல்லாம் அவுக வீட்ல ஊறுகா போட்டா, லாரியில வச்சு ஒருக்கா உருட்டிட்டுத்தான் பந்தியில வைக்கிறாக."

"எந்த லாரியில?" என்றார் பாக்கியநாதன்.

"பழைய லாரிதான்" என்றார் தவசியண்ணன் அலட்டிக்கொள்ளாமல்.

மொக்கையன் தொண்டையைச் செருமினார். நான் வாசலைப் பார்த்தேன். அங்கே லாரியில் பாதி லோடு ஏறியிருந்தது. ஆனால் தவசியண்ணனின் கை நிற்கவில்லை. பின்னால் பார்க்காமலேயே மூலைக்கு மூலை சைக்கிள் டியூபை மடித்து வைத்தார், டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே ஒட்டினார், பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார். பேச்சு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

"ஜாடியெல்லாம் சின்னப் பிள்ள வெளையாட்டு" என்றார். "கடிகாரம் கட்டணும் தாயி, அதுலதான் கட்டுக்காரன் யாருன்னு தெரியும். சிவகாசியில ஒரு மொதலாளி வீட்ல ஆளு ஒசரத்துக்கு நிக்கிற கடிகாரம். கல்கத்தாவுல ஒரு சேட்டு வாங்கிட்டாரு. பெண்டுலம் ஆடுனா ஒடைஞ்சிரும்னு எல்லாரும் பயந்தாக. நான் என்ன செஞ்சேன், காத்துக் கூட வெளிய போகாத அளவுக்கு இறுக்கிக் கட்டுனேன். எவ்வளவு இறுக்கம்னா, உள்ள இருந்த நேரமே வெளிய போகல."

"நேரம் போகலையா?" என்றேன்.

"எப்படிப் போகும்? சந்து இல்லையே. கட்டுற அவசரத்துல நான் குடிச்சுக்கிட்டிருந்த டீ கிளாச உள்ள வச்சுக் கட்டிப்புட்டேன். மழையில ரோடு அத்துப்போயி, கடிகாரம் கல்கத்தா போய்ச் சேர மாசக் கணக்காச்சு. சேட்டு பிரிக்கிறாரு. நான் கட்டுன அதே மணி காட்டுது. டீயில ஆவி பறக்குது."

மொக்கையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்போதும் டீயும் கையுமாக இருக்கிறவர். "ஆறலையா?"

"ஆறல."

"ஆடை படிஞ்சிருக்கணுமே."

"ஆடை படியிறதுக்கு நேரம் வேணும்ல. நேரத்தத்தான் நான் கட்டிப்புட்டேனே." தவசியண்ணன் வெற்றிலையை இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "சேட்டு எடுத்துக் குடிச்சிட்டு ஆபீசுக்குப் போன் போட்டாரு. கடிகாரத்தப் பத்திக் கொற சொல்லல. சக்கர கம்மின்னாரு."

"அந்தப் போன யாரு எடுத்தா?" என்றார் பாக்கியநாதன்.

"நீதான் எடுத்த."

"நானா?"

"ஒனக்கு இந்தி தெரியாதுல்ல. அதான் ஞாபகம் இல்ல."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததுதான் தப்பு. புளுகுகிறவனுக்கு ஒரு சிரிப்பு கிடைத்தால் மாட்டுக்குப் புல்லுக்கட்டு கிடைத்த மாதிரி. தவசியண்ணன் அடுத்ததாக யானைக்குத் தாவினார்.

"ராஜபாளையத்துல ஒருத்தரு ஆனை வச்சிருந்தாரு. பாலக்காட்டுக்காரரு வெல பேசிட்டாரு. கொண்டாந்து நிறுத்துறாக, தவசி, கட்டுன்னு."

"யானை நடந்தே போகுமேண்ணே" என்றேன்.

"போகும். நகம் தேயும். வாங்குறவரு புதுசு கணக்கா வந்து சேரணும்னு சொல்லிட்டாரு. அப்ப கட்டித்தான ஆகணும்? வைக்கல் சுத்துனேன். சுத்தி முடிச்சுட்டுத் திரும்பி ஊசி எடுக்குறேன், அங்கிட்டு வைக்கலக் காணோம். தின்னுபுடுச்சு. மறுபடி சுத்துறேன், மறுபடி திங்குது. வேற எவனா இருந்தாலும் ஓடியிருப்பான். நான் ஒக்காந்து யோசிச்சேன். இது திங்கிற வேகம் என்ன, லாரி போற வேகம் என்ன, இங்கிருந்து பாலக்காடு எம்புட்டுத் தூரம். அதுக்கு ஏத்தாப்ல வைக்கலு, அதுக்கு மேல கரும்புத் தோகை, அதுக்கு மேல தென்ன ஓலைன்னு அடுக்கடுக்காச் சுத்தி அனுப்புனேன். ஆனை தின்னுகிட்டே போகுது. ராஜபாளையத்துல கெளம்புறப்ப மலை மாதிரிக் கட்டு. தேனி தாண்டுறப்பப் பாதி. பாலக்காடு எல்லையில ஒத்த ஓலை. வீட்டு வாசல்ல எறங்குறப்ப வெறும் ஆனை. பிரிக்கிற வேலையே இல்ல."

"முகவரிச் சீட்ட எங்கய்யா ஒட்டுன?" என்று பாக்கியநாதன் மடக்கினார். அது அவர் தொழில் கேள்வி.

"நெத்தியில ஒட்டுனேன். கம்பத்துப் பக்கம் போறப்ப அதையும் தின்னுருச்சு."

"அப்புறம் எப்படி வீடு கண்டுபிடிச்சாக?"

"முகவரி உள்ள போயிருச்சுல்ல? அதுக்கே தெரிஞ்சிருச்சு. டிரைவருக்கு வழி சொன்னதே அதுதான், தும்பிக்கைய நீட்டி."

வெளியே லாரிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். நான் எழுந்துவிட்டேன். "அண்ணே, ஜாடி, கடிகாரம், யானை எல்லாம் சரி. நான் கேட்டது கண்ணாடி."

"அதுக்குத்தான வர்றேன்" என்றார். பின்னால் கை ரீப்பர் கட்டையைச் சட்டமாக வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தது. "கண்ணாடிக்கு எதிரி ரோடு இல்ல தாயி. இந்தா ஒக்காந்திருக்கான் பாரு மொக்கையன், இவன்தான். கண்ணாடி, கவனம்னு கொட்ட எழுத்துல எழுதுவோம். இவங்கெ அதுமேலதான் ஏறி நிப்பாங்கெ."

"எழுத்தெல்லாம் யாருண்ணே பாக்குறா. மூட்டைன்னா மூட்ட" என்றார் மொக்கையன். அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

"கேட்டியா? அதனால நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். மதுரையில ஒரு நகைக்கடையக் காலி பண்ணுனாக. இதவிடப் பெரிய கண்ணாடி, சேலத்துக்காரரு வாங்கிட்டாரு. கட்டி முடிச்சு முன்பக்கம் பிள்ளையார் படம் ஒட்டுனேன். பின்பக்கம் முருகன். ஒரு ஓரம் வேளாங்கண்ணி மாதா, மறு ஓரம் நாகூர் தர்கா. இப்ப எவன் மிதிப்பான்? எவன் தலகீழாக் கவுப்பான்?"

இது மட்டும் எனக்கும் நியாயமாகப் பட்டது. எங்கள் தெருவில் சுவர் ஓரம் அசிங்கம் பண்ணாமல் இருக்க இதைத்தான் செய்திருக்கிறோம்.

"லோடுமேனெல்லாம் செருப்பக் கழட்டிட்டுத் தூக்குனாங்கெ. லாரியில வேற சரக்கு ஏத்த மாட்டேன்னுட்டாங்கெ, சாமிக்குப் பக்கத்துல கருவாட்டு மூட்டைய எப்படி வைக்கிறதுன்னு. திண்டுக்கல்ல டிரைவரு டீ குடிக்க எறங்குனாரு. வந்து பாத்தா சூடம் கொளுத்திருக்கு. கரூர்ல ஒரு அம்மா பிள்ளைக்கு மொட்ட போட்டுருச்சு. நாமக்கல் தாண்டி ஒரு புளிய மரத்தடியில லாரி பஞ்சர். டயர் மாத்துறதுக்குள்ள ஊரே கூடிருச்சு. சாமியா வந்து எறங்கியிருக்கு, இனிமே போகக்கூடாதுன்னு எறக்கி வச்சுட்டாக. மறுவாரம் கூர போட்டாக. அடுத்த மாசம் கோபுரம். சேலத்துக்காரரு பாவம், என் கண்ணாடி, என் கண்ணாடின்னு ஓடி வந்தாரு. வரிசையில நின்னு வாங்கன்னுட்டாக."

"எடுத்துட்டுப் போனாரா?" என்றார் பாக்கியநாதன்.

"எப்படி எடுப்பாரு? அவருதான் இப்ப அன்னதானக் கமிட்டித் தலைவரு."

மொக்கையன் கையெடுத்துக் கும்பிட்டார். எந்த ஊர் என்று சொன்னால் போய்விட்டு வரலாம் என்கிற முகம்.

"நான் ஒருக்கா முடிச்சு தளந்திருக்கான்னு பாக்கப் போனேன். எனக்கே அர்ச்சனச் சீட்டு வாங்கிட்டு வரச் சொல்லிட்டாக. எட்டி நின்னு பாத்தேன். முடிச்சு அன்னைக்குப் போட்ட மாதிரியே இருக்கு. உள்ள ஒரு கீறல் விழுந்திருக்காது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது சரிண்ணே. கண்ணாடி சேலத்துக்குப் போய்ச் சேந்துச்சா, இல்லையா?"

"போய்ச் சேர்றது லாரிக்காரன் பொறுப்பு. ஒடையாம இருக்கிறதுதான் என் பொறுப்பு."

"தயவு செஞ்சு என் கண்ணாடிக்குச் சாமி படம் ஒட்டிராதீக. அது ஓசூருக்குப் போயே ஆகணும்."

"ஒட்டிட்டனே தாயி" என்று தவசியண்ணன் விலகி நின்றார்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கட்டு நான் பார்த்ததே இல்லை. வைக்கோல் ஒரு நூல் வெளியே தெரியவில்லை. சாக்குத் தையல் பட்டுப் புடவைக்கு ஓரம் அடித்த மாதிரி. சட்டம் ஆடவில்லை, அசையவில்லை. நடுவில் பிள்ளையார் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. மொக்கையன் செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தூக்க வந்தார்.

"அப்படியே அந்தக் கதவ இங்கிட்டு நகத்து மொக்க. ஆசாரி மாட்ட வந்துருவாரு" என்றார் பாக்கியநாதன்.

ஏணியையும் பெஞ்சையும் தவிர, சுவரில் ஒரு பலகைதான் பாக்கி நின்றது. மொக்கையன் கட்டிய மூட்டையைத் தூக்குவதா, பலகையை நகர்த்துவதா என்று யோசிப்பதற்குள் பாக்கியநாதனே எழுந்துபோய் அதைப் பிடித்துத் திருப்பினார். உள்ளே இன்னொரு பாக்கியநாதன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கட்டிய மூட்டையின் ஓரத்தில் சாக்கைக் குத்திக்கொண்டு கதவுக் கைப்பிடி துருத்தி நின்றதை அப்போதுதான் நான் பார்த்தேன். பேச்சை நம்பவில்லை நம்பவில்லை என்றே எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"யோவ்" என்றார் பாக்கியநாதன். "கதவக் கட்டி வச்சிருக்க."

தவசியண்ணன் கண்ணாடியைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"கண்ணாடி உள்ளதான் இருக்கு. நீ பாக்குறது அதோட பிம்பம்."

"என்னது?"

"நான் கட்டுன வேகத்துக்குப் பிம்பத்தால ஈடு குடுக்க முடியல, பிந்திருச்சு. கொஞ்சம் பொறு, தானா உள்ள போயிரும்."

மொக்கையன் நிஜமாகவே கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அது போகவில்லை.

"அவுத்து மறுபடி கட்டுங்கண்ணே" என்றேன்.

"நான் போட்ட முடிச்ச நானே அவுக்க முடியாது தாயி. அவுக்க முடிஞ்சா அது முடிச்சா?" இதில் மட்டும் பொய் இல்லை. பாக்கியநாதன் அரிவாளைக் கொண்டுவந்து அறுத்துப் பார்த்தார். கயிறு அறுபடவில்லை. வைக்கோலும் சாக்கும் மிச்சம் ஒரு பிடி கிடையாது. லாரிக்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விஜயதசமிக்கு நடனப் பள்ளியில் வெறும் சுவர் நிற்கும். என் வீட்டில் ரசத்தோடு கண்ணாடியும் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் நான் அழவில்லை. நேர் எதிரே ஆளுயரத்துக்குக் கண்ணாடி நிற்கிறது. அழுகிற மூஞ்சியை அதில் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்படிப் பார்க்காமல் இருக்க முயன்றதால்தான் லோடுமேன்களைப் பார்த்தேன். மிச்ச மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தூக்கி வந்த வத்தல் மூட்டையைத் தொம்மென்று எறிகிற அதே ஆட்கள், திரும்பி வரும்போது கண்ணாடிக்கு முன்னால் நடையைக் குறைத்தார்கள். ஒருத்தர் மீசையை நீவினார். ஒருத்தர் தலைத்துண்டை அவிழ்த்துச் சரியாகக் கட்டினார். மொக்கையன் பையில் இருந்து சீப்பை எடுத்து, வகிடு எடுத்து, இடிபடாமல் ஒதுங்கி நடந்தார். அதன் பக்கத்தில் ஒருவரும் கையைக்கூட வீசவில்லை.

"மொக்கையண்ணே, இத இப்படியே ஏத்துங்க" என்றேன்.

"கட்டாமயா?"

"கட்டாம."

"ஆபீஸ்ல அப்படியெல்லாம் வழக்கம் இல்லக்கா" என்றார் பாக்கியநாதன்.

"கட்டுன லட்சணத்தத்தான் பாத்துட்டேனே. ஏத்துங்க. மொகம் வெளிய தெரியிற மாதிரி."

இரண்டு பக்கமும் வத்தல் மூட்டையை அணைகொடுத்து, நட்டுக்குத்தலாக நிறுத்தினார்கள். பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி. லாரி கிளம்பும்போது கண்ணாடிக்குள் பார்சல் ஆபீஸ், கதவில்லாத வாசல், அதில் நின்ற நான், எல்லாம் சின்னதாகிக்கொண்டே போனோம்.

அன்றைக்கு வீட்டில், "நல்லாக் கட்டிட்டாங்களா?" என்றார் வீட்டுக்காரர். "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் எடுத்து வைக்கும்போது டீச்சரிடமிருந்து போன் வந்தது. போனை எடுக்கப் பாய்ந்ததில் பொரி எல்லாம் கீழே.

"கண்ணாடி வந்துருச்சுங்க. ஒரு கீறல் இல்ல, அவ்வளவு அழகா இருக்கு" என்றார். "ஒண்ணே ஒண்ணு, முன்னாடி போய் நின்னாத் தும்மல் வருது."

"தொடைச்சு எடுங்கம்மா, சரியாப் போயிடும்" என்றேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அன்று முழுக்க அவர் பேசவே இல்லை. எனக்கு அது போதும். வழியில் செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட்டு காக்கிச் சட்டைக்காரர்கள் தலை சீவிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் விட்டார்கள் என்று டிரைவர் சொன்னாராம். அது டிரைவர் சொன்னது. அவரும் தவசியண்ணனோடு டீ குடிக்கிறவர்தான்.

கொஞ்ச நாள் கழித்து, பார்லருக்கு வந்த சாமான் பெட்டியை எடுக்க ஆபீசுக்குப் போனேன். வாசலில் புதுக்கதவு மாட்டியிருந்தார்கள், கட்டோடு. அவிழ்க்க முடியாமல் அப்படியே கீல் அடித்துவிட்டார்களாம். நடுவில் பிள்ளையாருக்கு யாரோ பூ வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லாம் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனார்கள். நானும் விட்டேன்.

உள்ளே தவசியண்ணனுக்கு எதிரே புதிய ஆள் ஒருத்தர் நின்றார். வீணை ஒன்றைத் திருச்சிக்கு விற்றிருக்கிறார். அதைத் தோளோடு அணைத்துக்கொண்டு, கீழே வைக்க மனசில்லாமல் நின்றார். அன்றைக்கு நான் நின்ற அதே நிலை.

"சாக்கு தெரியிது, கயிறு தெரியிதுன்னா அது என்ன சார் கட்டு?" என்று தவசியண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒசத்தியான கட்டுன்னா கண்ணுக்கே தெரியக்கூடாது. போன பூஜைக்கு ஓசூருக்கு ஒரு கண்ணாடி கட்டி அனுப்புனேன். சும்மா அனுப்புன மாதிரியே இருக்கும். தூசி கீறாது, வெயிலு கீறாது. அந்த டீச்சரம்மா இன்னும் அதப் பிரிக்கவே இல்ல. பிரிக்கணும்னே அவுகளுக்குத் தெரியாது."

"யாருங்க இதெல்லாம் நம்புவா?" என்றார் வீணைக்காரர்.

"இந்தா கண்ணாடிக்குச் சொந்தக்காரவுகளே வந்துட்டாக. நீங்களே கேட்டுக்கங்க."

வீணைக்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? உடையாமப் போச்சா?"

"போச்சு" என்றேன். அது உண்மை.

"இவரு அதைக் கட்டுனத நீங்க பாத்தீங்களா?"

பாக்கியநாதன் என்னைப் பார்த்தார். மொக்கையன் என்னைப் பார்த்தார். நான்தான் பொய் சொல்கிற ஆள் இல்லையே.

"நான் அவருக்குப் பக்கத்துலயே நின்னேங்க. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் நின்னேன். அவரு என் கண்ணாடியக் கட்டுனத நான் பாக்கவே இல்ல."

தவசியண்ணன் கழுத்தில் கிடந்த கயிற்றை எடுத்தார்.

"பக்கத்துல நின்னவுகளுக்கே தெரியல, பாத்தீகளா சார்" என்றார். "வீணைய இப்படிக் குடுங்க."